கிராங்க் பெட்டியின் இரு பாதிகளைச் சேர்க்கும்போது எதைப் பூசுவது?

கேள்வி (ஹட்டன்)

வணக்கம். என் தந்தை தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் பாவித்த யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற வருடம் ஒரு பட்டறையில் கிராங்க் பெயாரிங்குகளை மாற்றினேன். அன்றிலிருந்து ஊருக்குள் ஓடும்போது ஐட்லிங் சற்றுக் கூடுதலாக இருப்பதைத் தவிர வேறு குறை தெரிவதில்லை. ஆனால் கினிகத்தேனை இறங்கி, நாவலப்பிட்டியைத் தாண்டிக் கண்டிக்குப் போகும்போது, த்ரொட்டிலை மூடிய பின்னும் என்ஜின் வேகம் உடனே இறங்குவதில்லை. அந்தப் பாதையில் இரண்டு முறை பிஸ்டன் இறுகிவிட்டது.

இப்போது நானே என்ஜினைப் பிரித்திருக்கிறேன். கிராங்க் தண்டைச் சூழ்ந்திருக்கும் கிராங்க் பெட்டியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே சிவப்பு சிலிக்கோன் தடிமனாகப் பூசப்பட்டு, பிதுங்கிய பகுதி உள்ளே புழுப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிளக்க ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறார்கள். பொருந்தும் முகத்தின் வெளி விளிம்பில் அரிசி அளவில் ஒரு பள்ளமும், அதைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும் மேடும் உள்ளன. கடதாசி கெஸ்கட் (நடுவே வைக்கும் அடைப்புத் தாள்) வெட்டிப் போட்டால் இது சரியாகுமா, அல்லது பசை மட்டும் போதுமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பண்டாரவளை, லேத் வேலை)

தம்பி, கெஸ்கட் வெட்டுகிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த என்ஜினின் நடுப்பொருத்தம் உலோகத்தோடு உலோகம் சேரும்படி செய்யப்பட்டது. அங்கே அரை மில்லிமீற்றர் கடதாசியை நுழைத்தால் இரு பக்கப் பெயாரிங் இருக்கைகளும் அவ்வளவு தூரம் விலகும், கிராங்க்கும் கியர் தண்டுகளும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். கம்பனியிலிருந்தே கெஸ்கட்டுடன் வரும் என்ஜின்கள் வேறு. அவற்றில் அதே தடிமன் கெஸ்கட்டைத்தான் போட வேண்டும், பசையை நம்பி அதைத் தவிர்க்கக் கூடாது.

சாதாரண சிலிக்கோன் பெற்றோல் பட்டால் ஊறி உப்பி, நாளடைவில் பிய்ந்துவிடும். நீங்கள் கண்ட புழு ஒரு நாள் கிராங்க் பெயாரிங்கின் எண்ணெய்த் துவாரத்தில் போய் அடைந்திருக்கும், பிஸ்டனோடு தப்பித்தீர்கள். பெற்றோலைத் தாங்கும், முழுதாக இறுகாமல் ரப்பர் போல நிற்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள். யமஹா போன்ட் என்று கேட்டால் உதிரிப்பாகக் கடைக்காரருக்குத் தெரியும்.

ஆனால் நான் பார்த்தவரை பசையால் வந்த ஒழுக்கைவிட முகத்தால் வந்த ஒழுக்கே அதிகம். பள்ளம் உங்களைக் கெடுக்காது, அது உள்விளிம்புவரை போகாதவரை பசை அதை நிரப்பிவிடும். கெடுப்பது பள்ளத்தைச் சுற்றி எழுந்திருக்கும் அந்த மேடுதான், ஏனென்றால் அது இரு பாதிகளையும் ஒரு மூலையில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்க் கல்லைத் தட்டையாக வைத்து, மேடு மட்டும் தேயும்வரை மெதுவாகத் தேயுங்கள். கண்ணாடியில் எமரித் தாள் ஒட்டி முகம் முழுவதையும் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். போன உலோகம் திரும்பி வராது, கிராங்க்கின் பக்க இடைவெளி அதோடு போகும்.

பழைய பசையைக் கத்தியால் சுரண்டாமல், தின்னரில் ஊறவைத்து மரச் சீவலால் எடுங்கள். பூசும்போது ஒரு பாதியில் மட்டும், அடியிலுள்ள உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக விரலால் தடவுங்கள். உள்விளிம்பில் இரண்டு மில்லிமீற்றரை வெறுமையாக விட்டால் உள்ளே பிதுங்காது. பாதிகளை நேர்ப்படுத்தும் இரண்டு இடக்குறி ஊசிகளும் அதனதன் குழியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதிகள் கையாலும் ரப்பர் சுத்தியலின் இலேசான தட்டலாலும் சேர வேண்டும். சேராவிட்டால் ஏதோ தடுக்கிறது என்று பொருள், திருகை முறுக்கி இழுக்க வேண்டாம். பிறகு 6 மில்லிமீற்றர் திருகுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் 8 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பதில் 2 (நுவரெலியா)

மேலே எழுதிய அண்ணன் பொருத்தத்தை விளக்கிவிட்டார். ஹட்டனில் தெரியாத குறை கண்டிப் பாதையில் ஏன் தெரிகிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். இரு வீச்சு என்ஜினில் கிராங்க் பெட்டியே பம்பு: பிஸ்டன் ஏறும்போது அது காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது, இறங்கும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. பெட்டியில் ஓட்டை இருந்தால் உறிஞ்சும் நேரத்தில் கபுரேட்டருக்குத் தெரியாமல் வெறும் காற்று உள்ளே வரும், கலவை மெலியும், பிஸ்டன் சூடேறும்.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி சுமார் 500 மீற்றர். மேலே காற்று அடர்த்தி குறைவென்பதால் அதே ஜெட்டில் (கபுரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளை) கலவை பெற்றோல் மிகுந்து இயல்பாகவே கொழுத்துவிடுகிறது, ஓட்டையால் வரும் மெலிவை அது மறைத்துவிடுகிறது. கீழே இறங்க இறங்கக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் கூடி, அந்த மறைப்பு விலகிவிடுகிறது. இங்கு ஓடுகிறதே என்று ஜெட்டை மட்டும் மாற்றிச் சமாளித்தவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர், மூவருமே பிஸ்டன் மாற்றினார்கள்.

இன்னொன்று, நம் குளிரிலும் ஈரத்திலும் பசை காய நேரமெடுக்கும். ஒரு முழு நாள் விட்டுவிட்டு ஒயில் ஊற்றுங்கள்.

பதில் 3 (தலவாக்கலை)

என்ஜினை வண்டியில் ஏற்றுமுன் காற்றழுத்தச் சோதனை செய்யாமல் விடாதீர்கள். இதற்கெனக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் குமிழும் முள்மானியும் போதும். சிலிண்டரையும் ஹெட்டையும் பூட்டி, பிளக்கை மாட்டி, பிஸ்டனைக் கீழே இறக்கி, கபுரேட்டர் வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து மூடி, ஒயில் பம்பின் குழாயையும் அடைத்துவிடுங்கள். சைலன்சர் வாயை மூடும் தகட்டில் குழாயைச் செருகுங்கள். இன்டேக் பக்கம் செருகினால் பிறகு உறிஞ்சிப் பார்க்கும்போது உள்நோக்கி மட்டும் திறக்கும் ரீட் வால்வு மூடிக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

முள் 250 (பாதரச மில்லிமீற்றர்) வரும்வரை அழுத்துங்கள். அது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் காற்றை அடைக்கும் ரப்பர் சீல் நகரக்கூடும். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது, சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவித் தேடுங்கள். இடது பக்கம் மின்சாரம் தரும் மெக்னீற்றோவைக் கழற்றி சீலைச் சுற்றித் தடவுங்கள். வலது பக்கச் சீல் கிளச் மூடிக்குள் இருப்பதால் கியர் ஒயில் ஊற்றும் துவாரத்தின் மேல் நுரைப் படலம் விட்டுப் பாருங்கள், அது உப்பினால் அந்தச் சீல்தான். வலது சீல் ஒழுகினால் கியர் ஒயில் எரிந்து வெண்புகை வரும். உங்களுக்குப் புகை இல்லாததால் எனக்கு இடது பக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

கேள்வி கேட்டவர் (ஹட்டன், ஒன்பது நாட்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. மேட்டைக் கல்லால் தேய்த்து, சொன்ன அளவில் பசை தடவி, ஒரு நாள் காயவிட்டேன். தோட்ட மருந்தகத்தில் கழித்துவைத்திருந்த கருவியை இரவல் வாங்கி அழுத்தியபோது முள் 250இலிருந்து நொடிக்கு நொடி இறங்கியது. நடுப்பொருத்தத்தில் ஒரு குமிழிகூட இல்லை; மெக்னீற்றோவுக்குப் பின்னால் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. சீலைக் கழற்றிப் பார்த்தேன், அதன் உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. என் கைதான், கிரீஸ் தடவாமல் தள்ளியிருக்கிறேன். புதிய சீலில் கிரீஸ் தடவி, தண்டின் சாவிக்குழியை மெல்லிய பொலித்தீனால் சுற்றி ஏற்றினேன். இப்போது ஒரு நிமிடத்தில் முள் 10கூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டி வரை இறக்கிப் பார்க்கிறேன்.