லீடர்ஷிப்: தலைமைத்துவமா, முன்னிற்றலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேலாண்மைப் பாடத்துக்கான சொற்பட்டியலில் 'லீடர்ஷிப்' என்பதற்குத் 'தலைமைத்துவம்' என்றே போட்டுவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் வேரூன்றிய சொல் அது. அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பட்டியலுக்கு அது போதாது என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள் கிடக்கிறது. முதலாவது பதவி: கட்சித் தலைமை, சங்கத்தின் தலைமை. அடுத்தது குணம், அதைத் தலைமைப் பண்பு என்கிறோம். மூன்றாவது செயல்: இதுவரை போகாத வழியில் நாலு பேரை நம்பிக்கையோடு கிளம்ப வைக்கும் வேலை. மேலாண்மையோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்தும்போது நாம் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றித்தான். அதற்குத்தான் சொல் இல்லை. 'தலைமைத்துவம்' என்று எழுதினால் மாணவருக்கு முதலில் நாற்காலி நினைவுக்கு வரும். அப்புறம் மேலாளர் கீழ்ப்படி, தலைவர் மேல்படி என்று ஒரு ஏணியைத் தானாகவே போட்டுக்கொள்வார்.

இது எவ்வளவு தவறு என்பதற்கு ஆனந்த் பால் கூட்டுறவைவிட (அமுல் என்று நாம் அறிந்தது) நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் கொள்முதல் போல்சன் நிறுவனத்தின் கையிலும் தரகர்கள் கையிலும் இருந்தது. சர்தார் படேலின் யோசனைப்படி, 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் விவசாயிகள் கூடினார்கள். ஊருக்கு ஒரு சங்கம், எல்லாச் சங்கத்துக்கும் மேலே ஓர் ஒன்றியம், அந்த ஒன்றியத்திடமே பால் வாங்க அரசு ஒப்புக்கொள்ளும்வரை ஒரு சொட்டுப் பால்கூட விற்பதில்லை என்று முடிவானது. பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. பால் மறுநாள் வரை தாங்காத பண்டம். விற்காமல் விட்டால் அன்றைய வரும்படி அன்றே போயிற்று. அப்படியிருந்தும் வீடு வீடாக அந்த இழப்பைத் தாங்கினார்கள் என்றால், கிராமம் கிராமமாக நடந்து பேசிய திரிபுவன்தாஸ் படேலின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கைதான் காரணம். அந்த நாட்களில் அவர் எந்த ஒன்றியத்துக்கும் தலைவர் இல்லை. ஒன்றியம் பதிவானதே அந்த ஆண்டு டிசம்பரில்தான்.

1949-இல் வர்கீஸ் குரியன் ஆனந்துக்கு வந்தார். நம் லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசு வேலைக்கான ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட நினைத்தவரைப் பேசி நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். அதன் பிறகு நடந்ததில் பெரும்பகுதி மேலாண்மை. காலையும் மாலையும் பால் வாங்குவது, கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ற விலை கொடுப்பது, கெட்டுப்போகும் முன் ஆலைக்கு அனுப்புவது, கணக்கு ஒழுங்காக நிற்பது. இதில் ஏதாவது ஒன்று ஒரு வாரம் தவறினால் சமர்காவில் கட்டிய நம்பிக்கை கரைந்துபோகும். விவசாயி கூட்டத்தில் கேட்ட பேச்சை நம்பி வந்தார். கையில் விழுந்த சரியான காசைப் பார்த்துத்தான் தங்கினார். மேலாண்மையைச் சின்ன வேலையாகப் பேசும் பாடநூல்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அதே குரியனை மறுபக்கத்திலும் பார்க்கலாம். குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்கும், அவ்வளவு பாலையும் பம்பாய் எடுத்துக்கொள்ளாது. எருமைப்பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்தார்கள். முடியும் என்று செய்து காட்டியவர் தொழில்நுட்பம் அறிந்த தலாயா. அவரை நம்பி ஆலையையே எழுப்பத் துணிந்தது குரியனின் வேலை. 1955-இல் நேரு அதைத் திறந்துவைத்தார். ஆக, ஒரே ஆள் காலையில் மேலாண்மை செய்கிறார், மாலையில் வேறொன்று செய்கிறார். ஆட்களை இரண்டு சாதியாகப் பிரிக்க முடியாது, வேலையைத்தான் பிரிக்க முடியும். சிக்கலைச் சமாளிப்பது மேலாண்மை, மாற்றத்தைச் சமாளிப்பது லீடர்ஷிப் என்று 1990-இல் மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் எழுதியதும் வேலையைப் பற்றித்தான்.

அந்த வேலைக்கு 'முன்னிற்றல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இது நான் உருவாக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. "அப்பா இல்லாத பிள்ளை, சித்தப்பாதான் முன்னின்று கல்யாணத்தை நடத்தினார்" என்று எந்த ஊரிலும் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு அங்கே பதவி கிடையாது. பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டார், மற்றவர்கள் அவர் சொல்லுக்கு நின்றார்கள், அவ்வளவுதான். நாம் தேடும் பொருள் இதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு வசதி, இது வினையாக நடக்கும்: முன்னிற்கிறார், முன்னின்றார், முன்னிற்பவர். தலைமைத்துவத்திலிருந்து வினை பிறக்காது. 'தலைமைத்துவம் வழங்கினார்' என்று இன்னொரு சொல்லின் முதுகில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வந்திருக்கும் மாற்றுகளைப் பற்றி. 'தலைமையாண்மை' வேண்டாம், மேலாண்மையில் உள்ள அதே 'ஆள்' மறுபடி வந்து, பிரிக்க வந்த இரண்டையும் ஒட்டிவிடுகிறது. 'நெறியாள்கை' இலங்கையில் நாடகத்துக்கும் படத்துக்கும் போய்விட்டது. 'வழிநடத்தல்' மோசமில்லை, ஆனால் வழி தெரிந்தவர் தெரியாதவரைக் கூட்டிப்போவது என்ற சாயல் அதில் அதிகம். சமர்காவில் யாருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை.

என் சொல்லுக்கு வரக்கூடிய தடைகளையும் நானே எழுதிவிடுகிறேன். விழா அழைப்பிதழில் 'தலைமை', 'முன்னிலை' என்று பெயர் போடுகிறோமே, முன்னிற்றல் அதோடு குழம்பாதா? கொஞ்சம் குழம்பும். ஆனால் முன்னிலை வகிப்பது மேடையில் உட்காருவது. வினை வடிவில் எழுதினால் வேறுபாடு விளங்கிவிடும். இரண்டாவது தடை கனமானது. 'என்னைமுன் நில்லன்மின்' என்று திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது எதிர்த்து நிற்பதைத்தான். ஆனால் அங்கே யார் முன் என்பது சொல்லப்படுகிறது. 'முன்னின்று' என்று தனியே வரும்போது இன்றைய தமிழில் அந்தப் பகைமை இல்லை.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்பது என் கருத்து: பதவிக்குத் தலைமை, குணத்துக்குத் தலைமைப் பண்பு, செயலுக்கு முன்னிற்றல், மேனேஜ்மெண்டுக்கு மேலாண்மை. இலங்கை வழக்காக முகாமைத்துவமும் தலைமைத்துவமும் பக்கத்திலேயே இருக்கட்டும். 'தலைவர்' என்ற சொல்லைத் தொட வேண்டாம். பதவி இல்லாமல் அந்த வேலையைச் செய்பவரைக் குறிக்கும் இடத்தில் மட்டும் முன்னிற்பவர். 'லீடர்ஷிப் ஸ்டைல்' என்பதற்கு 'முன்னிற்கும் பாங்கு' என்று எழுதிப் பார்த்தேன், ஓரளவு ஒட்டுகிறது. 'மார்க்கெட் லீடர்ஷிப்' மட்டும் இதில் அடங்காது. அது சந்தையில் முதலிடம், வேறு பொருள், தனிப் பதிவாகவே போட்டுவிடலாம்.