ஐஸ் ஹாக்கி லீக்: சனிக்கிழமை மகனுக்குத் தேர்வாம், அவசரம்!

புதுவரவு:
வணக்கம். ஜூனில்தான் கனடா வந்தோம். வகுப்புப் பையன்கள் எல்லாம் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று மகனும் அடம்பிடித்தான். ஒரு லீக்கில் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டேன். இன்று மின்னஞ்சல் வந்திருக்கிறது: சனிக்கிழமை காலை 7:15க்கு ‘இவாலுவேஷன்’, முழு உபகரணங்களோடு வரவும். எங்களிடம் ஒரு மட்டைகூட இல்லை. தேர்வில் தேறாவிட்டால் சேர்க்க மாட்டார்களா? கட்டிய பணம் திரும்ப வருமா? யாரைக் கேட்டுப் பணம் கட்டினீர்கள் என்று மனைவி கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ சித்தப்பா:
தம்பி, நாங்கள் 1991இல் வந்து இறங்கிய நேரம் ஒரு பேஸ்மென்டில் ஏழு பேர். பிப்ரவரி மாதம். என்னிடம் இருந்தது ஒரு மழைக்கோட்டும் கான்வாஸ் சப்பாத்தும்தான். இரவில் கோப்பை கழுவிவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ஒரு மணித்தியாலம் நடந்து வீட்டுக்கு வருவேன். ஐஸைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பயம். முதலில் பிள்ளைக்கு நல்ல குளிர்ச்சட்டை வாங்குங்கோ. பிறகு ஹாக்கி பார்க்கலாம்.

கடைசி பெஞ்ச்:
இது பணக்கார வீட்டு விளையாட்டு, ப்ரோ. டிரை-அவுட் என்கிற தேர்வில், ஐஸில் நிற்கத் தெரியாத பிள்ளையை முதல் நாளே அணியிலிருந்து வெட்டிவிடுவார்கள். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், கிரிக்கெட்டில் சேர்த்துவிடுங்கள்.

பிராம்டன் அம்மா:
பையனுக்கு என்ன வயது? ஸ்கேட்டிங் தெரியுமா? எந்த ஊர்? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் எதைச் சொல்வது? நான் என் மகனுக்கு முதல் சீசனில் எல்லாமே புதிதாக வாங்கினேன். அடுத்த சீசனில் ஸ்கேட்டும் சேரவில்லை, பேன்ட்டும் ஏறவில்லை. அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எல்லாவற்றையும் பழசாகவே வாங்குங்கள்.

மார்க்கம் வாசி:
எல்லாவற்றையும் பழசாக வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையின் காலுக்குப் பழகிய ஸ்கேட் இன்னொரு பிள்ளைக்குக் கணுக்காலைக் கடிக்கும். ஹெல்மெட்டில் சிஎஸ்ஏ என்ற கனடியத் தரச்சான்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும், வெடிப்பு இருக்கக் கூடாது. நான் ஒருவரிடம் பழைய ஹெல்மெட் வாங்கி, நடுவர் பார்த்துவிட்டு மகனை ஐஸில் இறங்க விடவில்லை. பையன் வழியெல்லாம் அழுதான்.

பிராம்டன் அம்மா:
ஹெல்மெட்டைப் பழசாக வாங்கச் சொன்னேனா? எல்லாம் என்றால் ஹெல்மெட் தவிர எல்லாம் என்று அர்த்தம்.

மார்க்கம் வாசி:
மேலே நீங்கள் எழுதியதில் அப்படி இல்லையே.

கடைசி பெஞ்ச்:
ஹாக்கியே ஒரு சதி. அதிகாலை பயிற்சி, அரங்கத்தில் பார்க்கிங் கிடையாது, 401 நெடுஞ்சாலையில் நெரிசல், பெஞ்சில் உட்கார்ந்தால் பின்பக்கம் மரத்துப்போகும். இந்த ஊரில் பேஸ்மென்ட் வாடகை கட்டுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா?

ஸ்கார்பரோ சித்தப்பா:
வாடகையைப் பற்றி என்னிடம் கேளுங்கோ. எங்கள் வீட்டுக்காரர் டிசம்பரில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, கம்பளி போர்த்துப் படுங்கள் என்றார்!

லேட்டா வந்தவன்:
சரி, இப்படியும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஹாக்கி ஆசை வந்ததே ஓஷவா ஜெனரல்ஸ் அணியின் ஆட்டம் பார்த்துத்தான். அவர்கள் ஆடும் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் 20 அணிகள், சீசனுக்கு அணிக்கு 68 ஆட்டங்கள். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். பின்னாளில் பெரிய ஆட்டக்காரரான ஜான் டவாரெஸை விதிவிலக்கு கொடுத்து 2005இல் வயதுக்கு முன்பே சேர்த்தது அங்கேதான். உங்கள் மகனும் ஒருநாள்...

பனிமனிதன்:
லேட்டா வந்தவரே, அது பெரிய பையன்கள் ஆடும் ஜூனியர் லீக். இவர் மகன் இன்னும் மட்டையே தொடவில்லை. எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். புதுவரவு, மின்னஞ்சலில் ‘ஹவுஸ் லீக்’ (எல்லோரையும் சேர்க்கும் உள்ளூர் லீக்) என்று இருக்கிறதா, ‘ரெப்’ (ஆள் தேர்ந்தெடுத்த அணி) என்று இருக்கிறதா? அதைச் சொன்னால் போதும்.

புதுவரவு:
ஹவுஸ் லீக் என்று இருக்கிறது. மகனுக்கு இந்த வருடம்தான் 9 வயது முடிந்தது. ஏஜாக்ஸில் இருக்கிறோம். ஸ்கேட்டிங் தெரியாது. ஊரில் ஒருமுறை ரோலர் ஸ்கேட் போட்டிருக்கிறான், சுவரைப் பிடித்தபடி.

பனிமனிதன்:
அப்படியானால் தூங்குங்கள். ஹவுஸ் லீக்கில் வெட்டுவது கிடையாது. தேறியவர், தேறாதவர் என்று பார்க்க அல்ல இந்த இவாலுவேஷன். எல்லாக் கெட்டிக்காரர்களும் ஒரே அணியில் சேர்ந்துவிடாமல் சமமாகப் பிரிக்கத்தான். விழுந்து விழுந்து எழுந்தாலும் அவனுக்கு ஓர் அணி உண்டு. வெட்டுவதெல்லாம் ரெப் அணிகளில். கடைசி பெஞ்ச் சொன்னது அதைத்தான்.

டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. உங்கள் பையன் யு11, அதாவது 11 வயதுக்கு உட்பட்ட பிரிவு. அதில் உடலால் இடித்துத் தள்ளும் ஆட்டம் அனுமதி இல்லை, மனைவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் ஒருவராவது ‘ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்’ என்ற பெற்றோர் பாடத்தை இணையத்தில் முடித்திருக்க வேண்டும். பதிவின்போது விட்டுப்போயிருந்தால் இன்றிரவே உட்காருங்கள்.

கடைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஊகித்து வாங்காதீர்கள். ஹெல்மெட்டும் முகக்கம்பியும், கழுத்துக் காப்பும், வாய்க் காப்பும், ஸ்கேட்டும் புதிது. தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், பேன்ட், கையுறை எல்லாம் பழசு போதும். ஹாக்கி ஸ்கேட் சாதாரண ஷூவைவிட ஒரு சைஸ், ஒன்றரை சைஸ் சிறிதாக வரும். ‘வளருவான்’ என்று பெரிதாக வாங்கினால் கணுக்கால் உள்ளே ஆடி, ஒரு வருடமும் நிற்கவே கற்றுக்கொள்ள மாட்டான். புது ஸ்கேட்டின் தகடு தீட்டாமல்தான் வரும், கடையிலேயே தீட்டித்தரச் சொல்லுங்கள். வெறும் காலில் நிற்கும்போது மட்டை மூக்கு உயரம் இருந்தால் சரி. எந்தக் கை கீழே என்பதற்கு வீட்டில் துடைப்பத்தைக் கொடுத்துப் பெருக்கச் சொல்லிப் பாருங்கள். வலக்கையால் எழுதுகிற பிள்ளைகள் பலரும் இடக்கை கீழே வரும் மட்டைதான் பிடிக்கிறார்கள்.

நாளை மாலை பொது ஸ்கேட்டிங் எங்கே இருக்கிறதென்று நகராட்சித் தளத்தில் பார்த்து, ஒரு மணி நேரமாவது ஐஸில் நிற்க விடுங்கள்.

பிராம்டன் அம்மா:
ஆறு முதல் பத்து வயது வரை, இதுவரை ஆடாத பிள்ளைகளுக்கு ‘ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்’ என்று ஒன்று இருக்கிறது. தலை முதல் கால் வரை உபகரணமும் கொடுத்து ஆறு வகுப்பும் எடுப்பார்கள். பதிவு செய்யும் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். போகட்டும். உடுத்தும் வரிசையாவது தெரிந்துகொள்ளுங்கள்: அடிவயிற்றுக் காப்பு, முழங்கால் காப்பு, சாக்ஸ், பேன்ட், ஸ்கேட், அப்புறம்தான் தோள், முழங்கை, கழுத்து, ஜெர்சி. ஹெல்மெட்டும் கையுறையும் கடைசி. ஸ்கேட்டை முதலில் கட்டிவிட்டால் பேன்ட் ஏறாது. ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போட்டிருக்கிறேன்.

புதுவரவு (சனி மாலை):
எல்லோருக்கும் நன்றி. உடுத்தவே நாற்பது நிமிடம் ஆனது. முழங்கால் காப்பை இடம் வலம் மாற்றிக் கட்டிவிட்டேன், பக்கத்துத் தாத்தா ஒருவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து கழற்றிச் சரிசெய்தார். கதவைத் திறந்து மகன் ஐஸில் காலை வைத்ததும் தடால் என்று விழுந்தான். எழுந்தான், மறுபடி தடால். பார்த்தால், தகட்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவே இல்லை! கழற்றியபின் ஐந்து ஆறு தடவைதான் விழுந்தான். அடுத்த சனி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இன்னொரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது: சீசனில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தன்னார்வலர் வேண்டுமாம், டைம் கீப்பர் வேலைக்கு.

மார்க்கம் வாசி:
உடனே சரி என்று சொல்லுங்கள். பல அரங்கங்களில் டைம் கீப்பர் கூண்டுக்குள்தான் கொஞ்சம் ஹீட்டர் இருக்கும்.

பனிமனிதன்:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உபகரணப் பை இப்போது எங்கே இருக்கிறது?

புதுவரவு:
கார் டிக்கியில். ஏன்?

பனிமனிதன்:
போய் எடுத்து, வியர்வையில் ஊறிய எல்லாவற்றையும் வெளியே விரித்துப் போடுங்கள். இப்போதே. நாளை காலை அந்தக் காரில் உங்கள் மனைவியும் ஏறப்போகிறார்.