ரிசப்ஷனில் முதல் நடனம்: எந்தப் பாட்டு?

கேள்வி: செப்டம்பரில் டொராண்டோவில் கலியாண ரிசப்ஷன். பெண் புடவை, மாப்பிள்ளை ஷெர்வானி. இருவருக்கும் ஆடத் தெரியாது. 'முன்பே வா'வா, 'வசீகரா'வா?

பதில் 1: 'வசீகரா' முழுக்க பாம்பே ஜெயஸ்ரீ குரல்தான்; மாப்பிள்ளை சும்மா நிற்கிற மாதிரி தெரியும். 'முன்பே வா'வில் நரேஷ் ஐயர், ஸ்ரேயா கோஷல் இருவரும் பாடுறாங்க, அதனால அதுவே என் ஓட்டு. ஆனா கிட்டத்தட்ட 6 நிமிஷப் பாட்டு, முழுசா விடாதீங்க. பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவின்னு இரண்டரை நிமிஷத்துக்கு வெட்டுங்க. வெட்டு தாளத்தின் முதல் அடியில் விழணும். தவறினா கால் தடுமாறும். கடைசி 5 விநாடி மெல்லக் குறையட்டும்.

பதில் 2: வேற பாட்டுக்குப் போனா சரணம் வரைக்கும் வரிகளைப் படிங்க. மெட்டு இனிக்கும், உள்ளே பிரிவுத் துயரம் இருக்கும். பெரியவங்க காதுக்குத் தப்பாது!

பதில் 3: முந்தானையை மடிச்சுத் தோளில் பின் குத்துங்க. கொசுவம் தரையில் புரளாம ஒரு விரல் உயர்த்திக் கட்டணும், இல்லேன்னா சுற்றும்போது மிதிபட்டு அவிழும். அன்னைக்குப் போடுற செருப்போடவே ஒத்திகை பாருங்க.

பதில் 4: டிஜேகிட்ட பென்டிரைவில் கொடுங்க. யூடியூப்ல ஓடவிட்டா நடுவுல விளம்பரம் வரும்.