லைன்பேக்கருக்குத் தமிழ்: சனிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சார்லட் நகரத்து வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை பேச்சுப்போட்டி. என் மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கராக ஆடிய சாம் மில்ஸைப் பற்றிப் பேசுகிறான். ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர் தவிர ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைப்பார்கள். பையனின் உரையில் லைன்பேக்கர் ஒன்பது முறை வருகிறது. நாலரை மதிப்பெண் அப்படியே போய்விடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: தடுக்கும் அணியில் பதினொரு பேர். முன்னால் மூவரோ நால்வரோ கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சில அடி பின்னால் நிமிர்ந்து நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். பந்து அசைந்ததும் எதிரி ஓடப்போகிறானா வீசப்போகிறானா என்று கணிக்க வேண்டும். ஓடினால் முன்வரிசையில் விழும் இடைவெளியை அடைக்க வேண்டும், வீசினால் பின்வாங்கிப் பந்து வாங்க வருபவனை ஒட்டிக்கொள்ள வேண்டும். சில நேரம் வீசுபவன் மேலேயே பாய வேண்டும்.

ஒரு நல்ல சொல் தாருங்கள்.
- ம.செ.

*

வரிசைக்காவலர். முடிந்தது.
- கோ.

*

கோ. தம்பி, ரேஷன் கடையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். வரிசை என்றால் எனக்குச் சீர்வரிசையும் நினைவுக்கு வருகிறது. தாம்பாளத்துக்குக் காவல் இருக்கிற மாமாவா அவர்?

'இடைமறிப்பர்' என்று வைக்கலாம்.
- வே.

*

வே. அண்ணா, அது ஒத்துவராது. எதிரி வீசிய பந்தைப் பறிப்பதற்கு 'இடைமறிப்பு' என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டேன். 1995இல் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக மில்ஸ் அப்படி ஒரு பந்தைப் பறித்து 36 கெஜம் ஓடினார். கரோலினா பேந்தர்ஸ் என்ற புது அணிக்கு முதல் வெற்றி அந்த ஆட்டத்தில்தான். 'இடைமறிப்பர் இடைமறித்தார்' என்றால் பையனுக்கு நாக்குச் சுளுக்கும்.
- ம.செ.

*

அன்புள்ள அம்மையீர்,

சொல்லை நாம் உருவாக்கவே வேண்டாம், முன்னோர் வைத்துப் போயிருக்கிறார்கள். படையின் முன்பகுதி தார், தூசி. பின்பகுதி கூழை. தொல்காப்பியம் தும்பைத் திணையில் 'கூழை தாங்கிய எருமை' என்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையில் இதுவே எருமை மறம்: படை உடைந்து பின்வாங்கும்போது ஒருவன் மட்டும் பின்னால் நின்று எதிரியைத் தாங்குவது. ஆகவே 'கூழைதாங்கி'.

யாப்பிலும் நான்காம் சீரில்லாமல் முதல் மூன்று சீரில் மோனை வந்தால் கூழை மோனை. குறைந்து நிற்பது என்பது வேர்ப்பொருள். இதைக் குழை, குழவி, குட்டை ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் (தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்)...
- புலவர் அ.

*

ஐயா, தனி மடலே போதும் :)

ஆனால் கூழைக்கும்பிடு என்று ஒன்று இருக்கிறதே? மேடையில் 'கூழைதாங்கி' என்றால் யாருக்கோ பெட்டி தூக்குகிறவர் என்று நினைப்பார்கள். 'எருமை' பக்கம் நான் போகவே இல்லை.
- கோ.

*

இன்னொரு இடறல். கூழை தாங்குவது உடைந்த படைக்கு. லைன்பேக்கர் நிற்பது உடையாத வரிசைக்குப் பின்னால்.
- வே.

*

உடையாத வரிசையா? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 1967இல் தொடங்கியது. 1986 வரை ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமில்லை. 1980இல் ரசிகர்கள் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்த அணிக்கு மில்ஸ் 1986இல் வந்தார். அடுத்த ஆண்டு 12 வெற்றி, 3 தோல்வி. உடைபடை புகுந்து தாங்கியவர் இவரில்லை என்றால் வேறு யார்? புலவர் ஐயா பக்கம் என் வாக்கு.

கொசுறு: பெலிகனுக்குத் தமிழில் கூழைக்கடா. லூசியானாவின் மாநிலப் பறவை எது தெரியுமா? பழுப்புக் கூழைக்கடா!
- சு.ரா.

*

சு.ரா., பறவைக்குத் தனி இழை தொடங்குங்கள். அதே நியூ ஆர்லியன்ஸில் மில்ஸ், ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பேட் ஸ்வில்லிங் நால்வருக்கும் 'டோம் பேட்ரோல்' என்று பட்டம். அரங்கத்துக்குக் குவிமாடம், அதனால் குவிமாடக் காவல். 1992 பருவத்தில் நால்வருமே சிறந்த வீரர்களுக்கான புரோ பௌல் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். அவர்கள் ஊரே காவல் என்றுதான் சொல்லியிருக்கிறது. வரிசைக்காவலரில் என்ன குறை?
- கோ.

*

எல்லோருக்கும் நன்றி. பையனிடம் இரண்டையும் சொன்னேன். கூழை என்றால் குட்டை என்றும் பொருள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பில் அவன்தான் குள்ளம். மில்ஸைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தானாம். 5 அடி 9 அங்குலம்! நம் வீடுகளில் மாப்பிள்ளை நல்ல உயரம் என்பார்கள். அங்கே கிளீவ்லாந்து, டொராண்டோ அணிகள் வேண்டாம் என்று கழித்துவிட்டன. நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் புகைப்படக்கலை சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். 1983இல் யுஎஸ்எஃப்எல் என்ற புது லீக் வந்து, பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம் மோரா ஆளைக் கண்டுகொண்ட பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. மோரா நியூ ஆர்லியன்ஸ் போனபோது இவரையும் கூட்டிப்போனார்.

இன்னொரு உதவி. 2003இல் குடல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் பேந்தர்ஸ் பயிற்சியாளராக வேலையை விடவில்லை. 2004 ஜனவரியில் டல்லாஸுடன் ஆடுமுன் வீரர்களிடம் 'கீப் பௌண்டிங்' (விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள்) என்று பேசினார். இதற்குத் தமிழ்?
- ம.செ.

*

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இதற்குமா கலைச்சொல்?
- வே.

*

வே. சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சார்லட்டில் ஆட்டத்துக்கு முன் பெரிய முரசு ஒன்றை அடிப்பார்கள், அதிலும் அந்தச் சொற்கள்தான். நேரில் பார்த்திருக்கிறேன், நெஞ்சுக்கூடு அதிரும். முரசைச் சொல்லிவிட்டு அம்மியைச் சொல்லச் சொல்லுங்கள்.
- சு.ரா.

*

வெள்ளி இரவு. எண்ணிப் பார்த்தேன்: வரிசைக்காவலர் 5, கூழைதாங்கி 3, 'லைன்பேக்கரே இருக்கட்டும்' 2. உரையில் வரிசைக்காவலர் என்று மாற்றிவிட்டேன். புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.
- ம.செ.

*

பேச்சு முடிந்தது. எட்டு இடத்தில் வரிசைக்காவலர். மில்ஸ் 2005இல் 45 வயதில் இறந்ததையும், 2022இல் கால்பந்து வீரர்களின் புகழ்மன்றத்தில் பெயர் சேர்ந்ததையும் சொல்லும் கடைசிப் பத்தியில் மட்டும், எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு, 'அந்தக் கூழைதாங்கி' என்றான். நடுவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மதிப்பெண் குறைக்கவில்லை. பந்தோடு எதிரியின் எல்லைக்கோட்டை எட்டிப் புள்ளி எடுப்பதைச் சொல்லும் டச்டவுனுக்குத்தான் அரை போயிற்று, அதை நாம் யாருமே யோசிக்கவில்லை.
- ம.செ.

*

'வெற்றிக்கோடு'. முடிந்தது.
- கோ.

*

கோ. தம்பி, அவசரப்படாதீர்கள். அங்கே கோட்டைத் தொடுவது காலா, பந்தா? நாளை எழுதுகிறேன். வரிசைக்காவலரை நான் இன்னும் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.
- புலவர் அ.