நூசா, பாப் ஆபட், 2008: கவுன்சில் இணைப்பு பற்றிய விவாதம்

கணக்குப்பிள்ளை:
நேற்று இங்கே ஒருவர் நாலே வரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சரித்திரத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். 2008இல் மாநில அரசு உள்ளூராட்சிக் கவுன்சில்களை இணைத்தபோது பெரிய ஊர்கள் சின்ன ஊர்களின் தலைமையைத் துடைத்து எறிந்துவிட்டனவாம், நூசாதான் அதற்குச் சாட்சியாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நூசா, மரூச்சி, கலவுண்ட்ரா மூன்றையும் சேர்த்துத்தான் சன்ஷைன் கோஸ்ட் கவுன்சில் வந்தது. அதன் முதல் மேயர் யார்? பாப் ஆபட். அதற்கு முன் அவர் எந்த ஊர் மேயர்? நூசா! 1997 முதல் நூசா! மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் ஓட்டுப் போட்டுத்தான் அவர் ஜெயித்தார். துடைத்து எறியப்பட்ட ஊரின் மேயர் மொத்தக் கடற்கரைக்கும் மேயரானது எப்படி? இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வடக்குவாசல்:
அந்த நாலு வரி எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் அண்ணா. பதில் சொல்கிறேன். 2013 மார்ச் 9ஆம் தேதி நூசாவில் வாக்கெடுப்பு நடந்தது, சன்ஷைன் கோஸ்ட்டிலிருந்து பிரிய வேண்டும் என்று 81 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பிரிவதற்கான செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும் என்று அரசு முன்கூட்டியே சொல்லியும் 81 சதவீதம். ரேட்ஸ், அதாவது கவுன்சிலுக்குக் கட்டும் சொத்து வரி, ஏறும் என்று பயமுறுத்தினார்கள், அப்படியும் 81. உங்கள் பாப் ஆபட் ஒருவர் மேயர் நாற்காலியில் நான்கு வருடம் உட்கார்ந்ததால் ஊர் திருப்தியாகிவிட்டது என்றால், இத்தனை பேர் எதற்கு வரிசையில் நின்றார்கள்?

கணக்குப்பிள்ளை:
கேள்விக்குப் பதில் இல்லை. 2008ஐப் பற்றிக் கேட்டால் 2013ஐக் காட்டுகிறீர்கள். பாப் ஆபட் நூசாவின் மேயரா இல்லையா?

தென்றல்:
இரண்டு பேரும் குயின்ஸ்லாந்தை விட்டு வெளியே வர மாட்டீர்களா? விக்டோரியாவில் 1990களின் நடுவில் ஜெஃப் கென்னட் அரசு 210 கவுன்சில்களை 78 ஆக்கியது. அங்கே வாக்கெடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரசு நியமித்த கமிஷனர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பெரியவர்கள் மாறி மாறித் தலைவராக இருந்த குட்டி ஷயர்கள், அதாவது கிராமப்புறக் கவுன்சில்கள், வரைபடத்திலேயே இல்லாமல் போயின. உங்கள் 157 கவுன்சில் 73 ஆனதெல்லாம் அதன் பக்கத்தில் மென்மையான வேலை. குயின்ஸ்லாந்தில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள், இங்கே விக்டோரியாவில் பெரும்பாலும் கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பேசாமல் ஒரே ஆளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:
தென்றல் அக்கா, நேரடித் தேர்தலைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். உங்கள் விக்டோரியாவில் ஜீலாங் நகரத்தில் ஆசைப்பட்டு 2012இல் கொண்டுவந்தீர்கள். முதலில் ஜெயித்த கீத் ஃபாக் ஒரு வருடம்கூட நிற்கவில்லை, அப்புறம் டாரின் லயன்ஸ் வந்தார், 2016 ஏப்ரலில் மாநிலப் பார்லிமென்டே சட்டம் போட்டு மொத்தக் கவுன்சிலையும் கலைத்தது. 2017இல் மறுபடி தேர்தல் வைத்தபோது நேரடி மேயரையே எடுத்துவிட்டார்கள். இந்த லட்சணத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். எங்கள் பக்கம் ராக்ஹாம்ப்டனில் ரெக்ஸ் பில்பீம் 1952இலிருந்து 1982 வரை மேயர். 30 வருடம்! அதில் ஒன்பது வருடம் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். அந்த ஊரில் இன்றைக்கும் நாடக அரங்குக்கு அவர் பெயர், மலைக்கு ஏறும் சாலைக்கும் அவர் பெயர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் அப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள்.

தென்றல்:
ஜீலாங்கைத் தொட வேண்டாம். கலைத்ததற்குக் காரணம் தேர்தல் முறை இல்லை, உள்ளே ஊழியர்களை மிரட்டி வேலை வாங்கும் பழக்கம் ஊறிப் போயிருந்தது என்று விசாரணைக் குழுவே எழுதி வைத்தது. 1849இல் நகராட்சி ஆன ஊர் அது. முதல் மேயர் அலெக்சாண்டர் தாம்சன், ஒரு மருத்துவர், ஊர் அவரை ஐந்து முறை மேயராக வைத்திருந்தது. குயின்ஸ்லாந்து என்று ஒரு காலனியே அப்போது பிறக்கவில்லை. கொஞ்சம் மரியாதையோடு பேசுங்கள்.

மழைக்குருவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைமை என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? மேயர் பதவியில் இருக்கும் ஆளையா, அல்லது ஊர் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையையா? அதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வடக்குவாசல்:
81 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருந்தது மழைக்குருவி. அண்ணாவுக்குத்தான் தெரியவில்லை. சரி, நூசா ஏன் அப்படி ஓட்டுப் போட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் அதைப் பேசப் பொறுமை இல்லை. அந்த ஊர் ஜனத்தொகைக்கே ஒரு வரம்பு வைத்துத் திட்டம் போட்ட ஊர். கட்டடம் மரத்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது, போக்குவரத்து விளக்கு வேண்டாம், ரவுண்டானா போதும். அடுக்குமாடிகள் நிறைந்த கோல்ட் கோஸ்ட் நகரம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று வருடக்கணக்கில் கவுன்சில் தேர்தலில் சண்டை போட்டு, ஜெயித்து, உருவாக்கிய ஊர். நோயல் ப்ளேஃபோர்டு, பாப் ஆபட் என்று அடுத்தடுத்து வந்த மேயர்கள் அதைக் காப்பாற்றினார்கள். இணைத்த பிறகு அந்தத் திட்டத்தில் கை வைக்கும் அதிகாரம் யாரிடம் போனது? புதிய கவுன்சிலின் மக்களில் நூசா ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஆபட் நல்லவர், மறுக்கவில்லை, இணைப்பை எதிர்த்துப் போராடியவரே அவர்தான். 2012இல் அவர் நிற்கவில்லை, மார்க் ஜேமிசன் வந்தார், அடுத்த வருடமே ஊர் பிரியப் போய்விட்டது. ஒரு ஆளை நம்பி ஊரை ஒப்படைக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 2014 ஜனவரி 1இலிருந்து நூசா ஷயர் திரும்பி வந்தது, பழைய ப்ளேஃபோர்டே மறுபடி மேயர்.

கணக்குப்பிள்ளை:
நீங்களே எழுதிவிட்டீர்கள், "இணைப்பை எதிர்த்துப் போராடியவரே அவர்தான்" என்று. எதிர்த்தவரையே மூன்று ஊரும் சேர்ந்து மேயராக்கியது! அப்புறம் என்ன துடைத்து எறிதல்? இன்னொன்று கேளுங்கள். டவுன்ஸ்வில்லையும் துரிங்கோவாவையும் அதே 2008இல் சேர்த்தார்கள். டவுன்ஸ்வில்லின் மேயர் டோனி மூனி 19 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், பெரிய ஊர், பெரிய ஆள். ஜெயித்தது யார்? துரிங்கோவா மேயர் லெஸ் டைரல். சின்னப் பக்கம் ஜெயித்தது! சன்ஷைன் கோஸ்ட்டிலும் டவுன்ஸ்வில்லிலும் இரண்டு இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது, இதைத் தற்செயல் என்பீர்களா? இன்னும் சொல்கிறேன். 2013இல் நான்கு இடத்தில் வாக்கெடுப்பு நடந்தது, நூசா, டக்ளஸ், லிவிங்ஸ்டன், மரீபா. நூசாவைத் தவிர மற்ற மூன்றில் ஒன்றுகூட 60 சதவீதத்தைத் தொடவில்லை. அந்த எண்ணிக்கையை மட்டும் உங்கள் வாய் சொல்வதே இல்லை. அதுவும் பிரிகிற பகுதிக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்டார்கள், மிச்சம் இருக்கிற ஊர்க்காரனிடம் யாரும் கேட்கவில்லை. சாலையும் கழிவுநீர்க் குழாயும் சேர்ந்து போட்டது, பிரியும்போது ஒரு பக்கம் மட்டும் முடிவெடுக்குமா? சின்னக் கவுன்சில் என்றாலே புனிதம் என்ற இந்த எண்ணம் எனக்குப் புரியவில்லை. மேற்கே ஆள் குறைந்த ஷயர்களில் ஒரு பொறியாளரை வேலைக்கு வைத்திருக்கவே திணறுகிறார்கள், வருமானத்தில் பெரும்பகுதி மாநிலமும் மத்திய அரசும் கொடுக்கும் மானியம். அங்கே உள்ளூர்த் தலைமை என்று பேசிக் கொண்டிருந்தால் சாலைக்குத் தார் வராது.

வடக்குவாசல்:
60ஐத் தொடவில்லை, ஆனால் மூன்றும் ஜெயித்தன. நான்கில் நான்கு. ஒன்றுகூடத் தோற்கவில்லை. அதை எழுத மனம் வரவில்லையா? மிச்ச ஊர்க்காரனிடம் கேட்கவில்லை என்கிறீர்கள், 2007இல் இணைப்பை முடிவு செய்தபோது மட்டும் எல்லாரிடமும் கேட்டுவிட்டார்களா? ஊரில் வாக்கெடுப்பு நடத்தினால் கவுன்சிலையே கலைப்பேன் என்று மாநிலத்தின் பீட்டி அரசு மிரட்டியது, கான்பெராவில் மத்திய ஹோவர்டு அரசு தலையிட்ட பிறகுதான் இறங்கி வந்தார்கள். போன மாதம் இங்கே டெயின்ட்ரி மழைக்காட்டைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இதே மாதிரிதான், தோற்கிற மாதிரி வந்ததும் இரண்டு வாரம் ஆளைக் காணோம்.

கணக்குப்பிள்ளை:
டெயின்ட்ரியை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. 1983 டிசம்பரில் அங்கே கேப் ட்ரிபியூலேஷன் காட்டுக்குள் சாலை போட புல்டோசர் அனுப்பியது மாநில அரசு இல்லை, உங்கள் அருமை டக்ளஸ் ஷயர் கவுன்சில். மக்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து, மண்ணில் கழுத்துவரை புதைந்து நின்று தடுத்தார்கள். உள்ளூர்த் தலைமை அன்றைக்கு எந்தப் பக்கம் இருந்தது? நான் ஓடவில்லை, வீட்டில் வேலை இருந்தது.

வடக்குவாசல்:
அதே டக்ளஸில் 1991இல் மைக் பெர்விக் மேயராக வந்தார், அந்தக் காட்டுக்காகப் போராடியவர், 2008 வரை அந்தப் பதவியில் இருந்தார். புல்டோசர் அனுப்பியவர்களை ஓட்டுப் போட்டே மாற்ற முடிந்தது, ஏனென்றால் கவுன்சில் ஊரிலேயே இருந்தது. டக்ளஸை கெய்ர்ன்ஸ் நகரத்தோடு சேர்த்த பிறகு அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு? உங்கள் ராக்ஹாம்ப்டன் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து யெப்பூன்காரர்கள், அதாவது லிவிங்ஸ்டன், அந்த ராக்ஹாம்ப்டனோடு சேர்ந்து இருக்க முடியாமல்தான் வெளியே வந்தார்கள். 30 வருடம் மேயராக இருந்தவரின் ஊர் பக்கத்து ஊரை ஆறு வருடம் வைத்துக் கொள்ள முடியவில்லை.

தென்றல்:
நீங்கள் இருவரும் எத்தனை பக்கம் எழுதினாலும் அடிப்படை ஒன்றுதான். அரசியல் சட்டத்தில் உள்ளூராட்சிக்கு இடமே கிடையாது. 1974இல் கேட்டார்கள், தோற்றது. 1988இல் கேட்டார்கள், மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான் கிடைத்தது. மாநில அரசு இன்று நினைத்தாலும் எந்த மேயரையும் வீட்டுக்கு அனுப்பலாம். 2016இல் நியூ சவுத் வேல்ஸில் கண்டகாய்யையும் கூட்டமண்ட்ராவையும் சேர்த்த கதை தெரியுமா? அதே வருடம் ஆரஞ்சு என்ற தொகுதியின் இடைத்தேர்தலில் நேஷனல் கட்சி தன் கோட்டையையே இழந்தது, அதற்கு அப்புறம்தான் மிச்சமிருந்த கிராமப்புற இணைப்புகளைக் கைவிட்டார்கள். அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
1974இலும் 1988இலும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டது இதே மக்கள்தான் அக்கா, இதே கிராமப்புறமும் சேர்த்துத்தான். அப்போது யாருக்கும் தலைமை நினைவில்லை. வடக்குவாசல், யெப்பூனுக்கு ஓடிப் போக வேண்டாம். டவுன்ஸ்வில்லில் 2008இல் ஜெயித்தது துரிங்கோவாக்காரரா இல்லையா? ஆம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்.

வடக்குவாசல்:
மூனி தோற்றது 19 வருடம் ஒரே முகத்தைப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துப் போனதால். துரிங்கோவாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் இந்த ஊரில் இருக்கிறேன், நீங்கள் இல்லை.

கணக்குப்பிள்ளை:
30 வருடம் பில்பீமைப் பார்த்து ராக்ஹாம்ப்டனுக்கு அலுக்கவில்லையே? ஊரில் இருந்தால் மட்டும் ஓட்டு எண்ணத் தெரிந்துவிடாது. இன்னும் எழுதுகிறேன், இருங்கள்.