மலக்குழி மரணங்களை எந்தச் சமூகவியல் கோட்பாட்டால் விளக்குவது?

வினா:
ஒரே சமூகச் சிக்கலை வெவ்வேறு கோட்பாடுகளின் வழியே ஒப்பிட்டு முதுகலைக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது மலக்குழி மரணங்கள். 1993, 2013 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தடைச் சட்டங்கள் வந்த பிறகும் மனிதர்கள் குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. சமூகத்தை அதிகாரமும் வளமும் உள்ளோர், இல்லாதோர் ஆகியோரின் நலன் மோதலாகப் பார்க்கும் மோதல் கோட்பாடு இதற்குப் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு சமூக ஏற்பாடும் சமூகம் இயங்குவதற்கு ஏதோ ஒரு வகையில் உதவுகிறது என்னும் செயல்பாட்டுக் கோட்பாட்டின்படி எழுதத் தொடங்கினால், அநீதியைச் சமூகத்தின் தேவை என்று நியாயப்படுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. இதை எப்படிக் கையாள்வது?

மறுமொழி 1:
செயல்பாட்டுக் கோட்பாட்டை ஒதுக்காமல், அது எங்கே முறிகிறது என்று காட்டுங்கள். முக்கியமான, தகுதியானவர்கள் அரிதாகக் கிடைக்கிற பணிகளுக்கே சமூகம் அதிக வெகுமதி தருகிறது என்று 1945இல் அக்கோட்பாட்டுச் சமூகவியலாளர்களான டேவிஸும் மூரும் வாதிட்டார்கள். சாக்கடை ஒரு வாரம் அடைத்துக்கொண்டால் நகரமே நாறிவிடும். ஆயினும் கூலி மிகக் குறைவு. இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால்தான் கூலி குறைவு என்பது அவர்கள் தரப்பின் பதிலாக இருக்கும். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலைக்குக் குறிப்பிட்ட சில சாதியினரே தலைமுறை தலைமுறையாக ஏன் இறங்குகிறார்கள் என்று கேட்டால் அதற்கு அக்கோட்பாட்டில் விடை கிடையாது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்துவைப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார்.

அதே கோட்பாட்டின் கருவிகளைக் கொண்டு, வறுமையால் வறியரல்லாதோர் அடையும் பயன்களை 1972இல் சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் கணக்கிட்டார். அழுக்கு வேலைகளுக்கு ஆள் கிடைப்பதுதான் அவர் பட்டியலில் முதலாவது. பயன் உண்டு என்பதோடு நிற்காமல் யாருக்குப் பயன் என்று கேட்டதால், அவர் ஏறத்தாழ மோதல் கோட்பாட்டின் வாசலுக்கே வந்துவிடுகிறார். உங்கள் தயக்கத்துக்கு இதுவே நல்ல மருந்து.

மறுமொழி 2:
அன்றாடப் பழக்கத்தில் சொற்களுக்கும் அடையாளங்களுக்கும் மனிதர்கள் தரும் பொருளை ஆராயும் குறியீட்டு இடைவினைக் கோட்பாட்டை விட்டுவிடாதீர்கள். களங்கம் பற்றி 1963இல் சமூகவியலாளர் கோஃப்மன் எழுதியதை வைத்துப் பார்த்தால், தொழிலைச் சொல்லாமல் மறைப்பதும், வாடகை வீடு கேட்கத் தயங்குவதும் விளங்கும். 'தோட்டி' என்ற சொல் போய்த் 'தூய்மைப் பணியாளர்' வந்ததையும் இங்கேதான் பேச முடியும். பெயர் மாறியும் ஒப்பந்தக் கூலிமுறை தொடர்வதை மட்டும் இக்கோட்பாடு விளக்காது.

வினவியவர்:
நன்றி. அப்படியானால் மூன்று தனிப் பகுதிகளாகப் பிரிக்காமல், 'யாருக்குப் பயன்' என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மலக்குழியில் இறந்தோரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயாகவும் 2023இல் 30 லட்சம் ரூபாயாகவும் வகுத்ததை எங்கே சேர்ப்பது?

மறுமொழி 1:
மோதல் கோட்பாட்டுப் பகுதியில் சேருங்கள். இயந்திரத்தைவிட மனித உயிர் மலிவாகக் கிடைக்கும்வரை ஒப்பந்ததாரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்ற கணக்கு அங்கேதான் வருகிறது.