ரேஸ் படகு: புதிய ஷாஃப்ட் கேபிளும் அதே இடத்தில் அறுந்துவிட்டது, காரணம் என்ன?

மணக்குடிக்காரன்:
வணக்கம். ரிமோட்டில் ஓடும் ஒற்றை மோட்டார் ரேஸ் படகு வைத்திருக்கிறேன். 2000 கேவி (சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் லிப்போ பேட்டரி, பித்தளைக் குழாய்க்குள் டெஃப்ளான் உறை, அதில் மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் 4.76 மி.மீ. ஃபிளெக்ஸ் கேபிள் (இழைகளை முறுக்கிச் செய்த வளையும் கேபிள்). மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் கழிமுகத்தில் ஓட்டுகிறேன். போன மாதம் கேபிள் அறுந்தது. புதியது வாங்கிப் போட்டேன். அதுவும் பின்பக்கத் தண்டோடு சேரும் பற்றவைப்புக்குச் சற்று முன்னால் அறுந்துவிட்டது. அதற்கு முன்பே முழு வேகத்தில் ஸ்ட்ரட் (படகின் பின்னால் தண்டைத் தாங்கும் பிடி) பக்கம் கீச்சென்று சத்தம் கேட்டது. கரைக்குக் கொண்டுவந்து தொட்டால் ஸ்ட்ரட் சுடும். மெதுவாக ஓட்டினால் சத்தமே இல்லை. நண்பர்கள் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மோட்டார்மேல் சந்தேகம் இல்லை. என்ன பார்க்க வேண்டும்?

குளச்சல் பட்டறை:
தம்பி, மோட்டாரைத் தொட வேண்டாம். எதையும் வாங்குவதற்கு முன் மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். புரொப்பல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் நடுவே 3 மி.மீ. ஆலன் சாவி நுழைகிறதா? பின்தண்டைப் பிடித்து ஆட்டினால் ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் புஷ்ஷுக்குள் (தண்டு சுழலும் வெண்கல உருளைக்குள்) ஆடுகிறதா? பழைய கிரீஸ் விரலில் எப்படி இருக்கிறது? அறுந்த முனையையும் பாருங்கள். இழைகள் பிரிந்து விரிந்திருந்தால் கேபிள் தவறான திசையில் முறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கத்தியால் வெட்டியதுபோல் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் கதை வேறு.

மணக்குடிக்காரன்:
அண்ணாச்சி, ஆலன் சாவி நுழையவில்லை, ஒரு தபால் அட்டைதான் நுழைகிறது. கடையிலிருந்து வந்தபோதே அவ்வளவுதான் இருந்தது. தண்டு மேலும் கீழும் ஆடுகிறது, பக்கவாட்டில் ஆடவில்லை. கிரீஸ் கறுத்துப்போய் நறநறவென்று இருக்கிறது. பெட்ரோலில் கழுவினால் அடியில் கறுப்பும் சிவப்புமாகத் துகள்கள் தங்குகின்றன. முனை ஒரே இடத்தில்தான் அறுந்திருக்கிறது.

குளச்சல் பட்டறை:
அப்படியானால் காரணம் இரண்டு, ஒன்று மற்றொன்றை வளர்த்திருக்கிறது.

முதலில் இடைவெளி. ஃபிளெக்ஸ் கேபிள், முறுக்கு விசை ஏறும்போது இறுகிக் குட்டையாகும். குட்டையானால் புரொப்பல்லர் முன்னோக்கி இழுக்கப்படும். இடம் இல்லையென்றால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டில் அழுந்தி உரசும். உங்கள் மோட்டாருக்கு 14.8 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 29,600 சுற்று. சுமையில் குறையும் என்றாலும் அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தில் தேய்ந்தால் கீச்சிடாமல் என்ன செய்யும்? மெதுவாக ஓட்டும்போது கேபிள் அவ்வளவாகக் குட்டையாகாது, அதனால்தான் அப்போது சத்தம் இல்லை.

இரண்டாவது மணல். கறுப்புத் துகள் இல்மனைட், சிவப்பு கார்னெட். மணவாளக்குறிச்சியில் அள்ளுவது இதே வகைத் தாதுமணல்தான், நம் கடற்கரை நெடுகப் பரவிக் கிடக்கிறது. கார்னெட் உரமான கல், மரம் தேய்க்கும் உப்புத்தாள் செய்யவே பயன்படுவது. கிரீஸில் கலந்து புஷ்ஷுக்குள் போனால் வெண்கலத்தை அரைத்துவிடும். புஷ் முட்டை வடிவமானதும் தண்டு துள்ளும். அந்தத் துள்ளல் முழுவதும் பற்றவைப்பின் விளிம்பில் விழும்.

அந்த விளிம்புதான் பலவீனமான இடம். பற்றவைக்கும்போது சால்டர் (உருக்கி ஒட்டவைக்கும் ஈயம்போன்ற உலோகம்) இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு மேலே ஏறும். ஏறிய வரைக்கும் கேபிள் கம்பிபோல் விறைத்துவிடும், அது முடியும் இடத்தில் மடிந்து மடிந்து அறுபடும். எனவே நீங்களே செய்யும்போது, பற்றவைப்பிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் கேபிளில் ஈரத்துணி சுற்றுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொண்டால் இழை பிரியாது. எண்ணெய்ப் பசையைத் தின்னரில் கழுவுங்கள். சுமார் 4 சதவீதம் வெள்ளி கலந்த வெள்ளீயச் சால்டர் போதும், 220 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நகைப் பட்டறையில் பற்றவைக்கும் வெள்ளிப் பொடி வேண்டாம், அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு தேவை, கேபிளின் உரம் போய்விடும். முடிந்ததும் சோடா உப்புக் கரைசலில் கழுவுங்கள், இல்லாவிட்டால் பற்றவைக்கப் பூசிய ஃபிளக்ஸின் அமிலம் உள்ளிருந்தே துரு பிடிக்க வைக்கும். கண்ணாடிப் பலகையில் தண்டை உருட்டிப் பாருங்கள். கேபிள் முனை வட்டமடித்தால் கோணலாகப் பற்றியிருக்கிறது, திரும்பச் சூடாக்கி நேராக்குங்கள்.

தக்கலை வயர்:
ஃபிளெக்ஸ் கேபிளை விட்டு எஃகுக் கம்பி டிரைவுக்கு மாறலாமே? உராய்வு குறைவு, வேகம் நன்றாகவே கூடும். குளத்தில் ஓட்டும் என் படகில் அதுதான்.

குளச்சல் பட்டறை:
குளத்து நன்னீருக்குச் சரி. உப்புநீரில் கம்பியில் சிறு துருப்புள்ளி விழுந்தாலும் அங்கிருந்தே விரிசல் ஓடி முறியும். கழிமுகத்துக்குக் கேபிள்தான் நம்பகம், அன்றன்றைக்கு உருவி எடுப்பதாக இருந்தால். ஓட்டி முடித்த மாலையே வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அவுட்போர்டு எஞ்சினுக்கு விற்கும் மரைன் கிரீஸ் பூசுங்கள். முட்டத்திலும் குளச்சலிலும் கேட்டால் கிடைக்கும். குழாய்க்குள்ளும் துணி விட்டுத் துடைக்க வேண்டும், மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும். படகை மணல்மேல் வைத்து இறக்காதீர்கள், முழங்கால் தண்ணீரில் நின்று கையால் விடுங்கள்.

மணக்குடிக்காரன்:
கோட்டாறு லேத்தில் புது வெண்கலப் புஷ் கடைந்து வாங்கினேன். 3 மி.மீ. இடைவெளி வைத்தேன். பற்றவைப்பு நேராக வந்திருக்கிறது. இன்று முழு வேகத்தில் விட்டேன், கீச்சுச் சத்தம் போய்விட்டது, ஸ்ட்ரட்டும் சுடவில்லை. மிக்க நன்றி அண்ணாச்சி! நடுவேகத்தில் மட்டும் மெல்லிய அதிர்வு ஒன்று மிச்சம் இருக்கிறது.

குளச்சல் பட்டறை:
மகிழ்ச்சி தம்பி. அது புரொப்பல்லரின் சமநிலையாக இருக்கும். கிடையான மெல்லிய ஊசியில் மாட்டிவிட்டால் கனமான இதழ் கீழே இறங்கும். அந்த இதழில் தண்ணீரைத் தள்ளும் முகத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் தேயுங்கள். பெரிலியம் கலந்த செம்புப் புரொப்பல்லர் என்றால் உலர்வாக அராவவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலைக் கெடுத்துவிடும். நீர் எமரித்தாளை நனைத்து, தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள், முகமூடி அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.